வீட்டுக்கடன் தகராறு: ஓம்பட்ஸ்மேனா, என்ஹெச்பியா, நுகர்வோர் ஆணையமா, டிஆர்டியா?

வீட்டுக்கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ விதியை மீறினால், கடன் வாங்கியவர் முறையிட இந்தியாவில் முக்கியமாக நான்கு இடங்கள் உண்டு: ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர் அதிகாரி), தேசிய வீட்டுவசதி வங்கி (என்ஹெச்பி), நுகர்வோர் ஆணையம், கடன் வசூல் தீர்ப்பாயம் (டிஆர்டி). நான்கின் அதிகாரமும் வேறு வேறு. ஒன்றில் மனு கொடுத்தால் இன்னொன்றுக்குப் போக முடியாமல் ஆகலாம். ஓரிடத்தில் பதிலுக்குக் காத்திருக்கும்போதே இன்னோரிடத்தின் கெடு தாண்டிவிடலாம். அதனால் எது சிறந்தது என்பதைவிட, எதற்கு எங்கே, எந்த வரிசையில் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடன் கொடுத்தது யார் என்று பாருங்கள்

பாதிப் புகார்கள் இடம் மாறிப் போவது இங்கேதான். பெயர்ப்பலகையில் "ஹோம்", "ஹவுசிங்" என்று இருக்கிறதே என்று முடிவு செய்யக் கூடாது; கடன் அனுமதிக் கடிதத்தில் உள்ள நிறுவனப் பெயரையும் அதன் பதிவு வகையையும் பார்க்க வேண்டும். சுந்தரம் ஃபைனான்ஸ் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம். அதன் துணை நிறுவனமான சுந்தரம் ஹோம் ஃபைனான்ஸ் வீட்டுவசதி நிதி நிறுவனம். ஒரே குழுமம்தான், ஆனால் முன்னதன் மீதான புகார் ஓம்பட்ஸ்மேனிடம் போகும், பின்னதன் மீதானது என்ஹெச்பிக்குப் போகும். எல்ஐசி ஹவுசிங், ரெப்கோ ஹோம், கேன்ஃபின் ஹோம்ஸ் மூன்றும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களே. ஹெச்டிஎஃப்சி லிமிடெட் 2023 ஜூலை 1 அன்று ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்துவிட்டதால், அதன் பழைய கடன்தாரர்கள் இன்று வங்கி வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு ஓம்பட்ஸ்மேன் உண்டு.

இந்தப் பிரிவினைக்கு ஒரு பின்னணி இருக்கிறது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் 2019 ஆகஸ்ட் 9 முதல் என்ஹெச்பியிடமிருந்து ரிசர்வ் வங்கிக்கு மாறியது. மேற்பார்வையும் குறைதீர்ப்பும் மட்டும் என்ஹெச்பியிடமே தங்கின. விதி எழுதுவது ஓரிடம், புகார் கேட்பது வேறிடம் என்ற இந்த ஏற்பாடு கடன்தாரருக்கு உதவியாக இல்லை என்பதே எங்கள் கருத்து.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தால் இந்த இரண்டுமே பொருந்தாது. அது கூட்டுறவுச் சங்கப் பதிவாளரின் கீழ் வருவது.

எது விதிமீறல், எது வெறும் வருத்தம்

"வட்டி அதிகமாக இருக்கிறது", "கடன் தர மறுத்துவிட்டார்கள்", "ஒரே தவணைத் தீர்வுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற மூன்றையும் ஓம்பட்ஸ்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். அவை வங்கியின் வணிக முடிவுகள். புகார் நிற்க வேண்டுமென்றால் அது ஒரு விதியின் மேல் நிற்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் கடன்தாரர் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல விதிகள் வந்திருக்கின்றன.

அவற்றில் பலமானது 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கை. கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும். தாமதம் நிறுவனத்தால் ஆனது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் பத்திரம் திரும்ப வேண்டிய எல்லாக் கடனுக்கும் இது செல்லும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் செல்லும். ஜனவரி 10 அன்று கடன் அடைந்தால் பிப்ரவரி 9-க்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். மார்ச் 25 அன்று வந்தால் சாதாரண ஆண்டில் 44 நாள் தாமதம், 2,20,000 ரூபாய். பத்திரம் தொலைந்துவிட்டால் நகல் வாங்கித் தரும் செலவு நிறுவனத்துடையது. அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம், ஆக 60 நாளுக்குப் பிறகே தாமதத் தொகை ஏறும்.

இங்கே வங்கி சொல்லும் வழக்கமான பதில்: "தயாராக வைத்திருந்தோம், அவர்தான் வந்து வாங்கவில்லை." இதை முறியடிக்க, கடைசித் தொகையைக் கட்டிய அன்றே கிளைக்கு ஒரு மின்னஞ்சல் போட வேண்டும்: கடன் எண், கட்டிய தேதி, எந்த அலுவலகத்தில் பத்திரத்தை வாங்கிக்கொள்ள விருப்பம். கடன் கணக்கு நடந்த கிளையிலோ பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ வாங்கிக்கொள்ளும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. தமிழ்நாட்டில் இன்னொரு பாதியும் இருக்கிறது. எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், பத்திரம் கைக்கு வந்தும் வில்லங்கச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, கடன் அடைந்துவிட்டது என்று ரசீது பத்திரம் பதிந்து தந்தால்தான் அது நேராகும். "அதிகாரி விடுப்பில் இருக்கிறார்" என்று மாதக்கணக்கில் இழுப்பது இங்கேதான். அடமான நீக்கமும் அதே 30 நாள் விதிக்குள் வருவதால், புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பத்திரத்தைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடாமல் இருக்க அதுதான் வழி.

அடுத்தது வட்டி உயர்வு. 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி, ஃப்ளோட்டிங் வட்டி (அளவுகோலோடு சேர்ந்து ஏறி இறங்கும் வட்டி) மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்ற தேர்வு கடன்தாரருடையது. பல நிறுவனங்கள் கேட்காமலேயே காலத்தை நீட்டிவிட்டன. அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போடலாம். 30 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 9.5 சதவீதமாகி, தவணையை மாற்றாமல் விட்டால் கடன் 240 மாதத்தில் முடியாது; ஏறக்குறைய 309 மாதம் ஓடும். மொத்தத்தில் கூடுதலாகப் போவது கிட்டத்தட்ட 17.8 லட்சம். தவணையை மட்டும் 27,964 ஆக்கியிருந்தால் கூடுதல் 4.6 லட்சத்தோடு நின்றிருக்கும். மாதம் 1,929 ரூபாய் கூடுதலாகக் கட்டும் தேர்வைக் கொடுக்காமல் விட்டதன் விலை 13 லட்சம். புகாரில் "வட்டியை ஏற்றிவிட்டார்கள்" என்று எழுதினால் தள்ளுபடி. "தேர்வு கேட்கவில்லை, அறிவிப்பு வரவில்லை, காலாண்டு அறிக்கை தரவில்லை" என்று எழுதினால் அது விதிமீறல்.

"ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) குறைந்தும் என் வட்டி குறையவில்லை" என்ற குறையில் வங்கிக்கும் வீட்டுவசதி நிறுவனத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தனிநபருக்குக் கொடுத்த ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதை மாற்றியமைக்க வேண்டும். வீட்டுவசதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தங்கள் சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். அங்கே புகார் எழுதி நேரத்தைக் கரைப்பதைவிடக் கடனை வேறு வங்கிக்கு மாற்றிவிடுவது மேல். தனிநபர் பெயரில் சொந்தத் தேவைக்கு வாங்கிய ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது. புது எம்ஓடி பதிவு, பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்துக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்து, மீதமாகும் வட்டியோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2024 ஏப்ரல் 1 முதல் புதுக் கடனில் தவணை தவறினால் தண்ட வட்டி கிடையாது, தண்டக் கட்டணம் மட்டுமே. அதை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது, அதற்கு ஜிஎஸ்டியும் கிடையாது. 2024 அக்டோபர் 1 முதல் தரும் புதுச் சில்லறைக் கடனுக்கு வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சொல்லும் முக்கிய விவரத் தாள் கொடுக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது. பணம் கைக்கு வந்த நாளுக்கு முன்பே, அனுமதிக் கடிதத் தேதியிலிருந்தோ காசோலைத் தேதியிலிருந்தோ வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று முறைகேடு என்று குறிப்பிட்டிருக்கிறது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது.

ஓம்பட்ஸ்மேன்: காசு செலவில்லை, ஆனால் கதவு குறுகலானது

2021 நவம்பர் 12 அன்று மூன்று பழைய திட்டங்களை ஒன்றாக்கி ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டம் வந்தது. கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம்; விளக்கம் கேட்க 14448. எந்த ஊர் அலுவலகம் என்று தேடத் தேவையில்லை, அவர்களே பிரித்து அனுப்புவார்கள்.

முதல் நிபந்தனை, வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருப்பது. 2021 திட்டப்படி, பதில் வந்தால் அன்றிலிருந்து ஓராண்டுக்குள், பதிலே வராவிட்டால் புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும் முடிவதற்குள் ஓம்பட்ஸ்மேனிடம் போக வேண்டும். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது, கால் சென்டரில் பேசியது எதுவும் கணக்கில் வராது. புகார் எண்ணோடு வந்த ஒப்புகையை எடுத்து வையுங்கள். அது இல்லாததாலேயே பல புகார்கள் முதல் நாளே திரும்புகின்றன. வழக்கறிஞர் மூலம் கொடுத்தாலும் திரும்பும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தாலும் திரும்பும்.

2021 திட்டப்படி, ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் வரையும் ஓம்பட்ஸ்மேன் கொடுக்கச் சொல்லலாம். பெரும்பாலும் தீர்ப்பு வரை போகாமல் சமரசத்திலேயே முடிந்துவிடும். தீர்ப்பு வந்து அது போதாது என்று தோன்றினால் 30 நாளுக்குள் ஒப்புதல் கடிதம் கொடுக்காமல் விட்டாலே போதும், அது செல்லாமல் போகும். பலருக்குத் தெரியாத ஒரு பள்ளம்: "சேவைக் குறைபாடு இல்லை" என்று சொல்லிப் புகாரை மூடினால் மேல்முறையீடு கிடையாது. வேறு சில காரணங்களுக்காகத் தள்ளினால் மட்டுமே 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் விவகாரத்தையும் ஓம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். போலிக் கையெழுத்து, ஊழியர் மோசடி என்ற ரகமெல்லாம் அதில் சிக்கும்.

ரிசர்வ் வங்கி ஆளுநருக்கோ நிதி அமைச்சகத்துக்கோ தனியாகக் கடிதம் எழுதுவதால் வேகம் கூடுவதில்லை. அந்தக் கடிதமும் சுற்றிவந்து வங்கியின் குறைதீர் பிரிவு மேசைக்குத்தான் வரும்.

என்ஹெச்பி

வீட்டுவசதி நிதி நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டால், என்ஹெச்பியின் கிரிட்ஸ் என்ற இணையதளத்தில் பதியலாம். கட்டணம் இல்லை. என்ஹெச்பி நிறுவனத்திடம் விளக்கம் கேட்கும், விதிமீறல் தெரிந்தால் சரிசெய்யச் சொல்லும். ஓம்பட்ஸ்மேனைப்போல் இழப்பீடு வகுத்துத் தீர்ப்பு எழுதும் ஏற்பாடு இதில் இல்லை. நிறுவனம் சாதுரியமான ஒரு பதிலை எழுதிவிட்டால் கோப்பு அங்கேயே முடிந்துவிடக்கூடும். ஆகவே பத்திரம் திருப்புவது, கணக்கு அறிக்கை தருவது, தவறாகப் பிடித்த கட்டணத்தைத் திருப்புவது என்ற நேரடியான விஷயங்களுக்கு இதைப் பயன்படுத்தலாம். பெரிய இழப்பீடு வேண்டுமென்றால் இதையே நம்பி இருக்கக் கூடாது. என்ஹெச்பியின் பதில் கடிதம் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் நல்ல ஆவணமாகும்.

நுகர்வோர் ஆணையம்: மெதுவானது, ஆனால் கை நீளமானது

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடன்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மும்பையில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனத்தைத் திருநெல்வேலியில் இருந்தே இழுக்க முடியும். கொடுத்த பிரதிபலன் (சேவைக்காகச் செலுத்திய பணம்) 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் சொற்பம்: 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200, 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய். கடனில் பிரதிபலன் எது, கடன் தொகையா அல்லது கட்டிய வட்டியும் கட்டணமுமா என்று எதிர்த்தரப்பு வாதம் எழுப்பக்கூடும். மனுவில் அதை முதலிலேயே தெளிவாகக் கணக்குக் காட்டிவிட வேண்டும்.

கெடு இரண்டு ஆண்டு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து. ஓம்பட்ஸ்மேனிடம் காத்திருந்த காலம் தானாகக் கழிந்துவிடும் என்று நம்பி இருக்காமல், நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைப்பது நல்லது. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் ஆண்டுகள் ஆவது சாதாரணம். தோற்ற தரப்பு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக, உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். வங்கியை உட்கார்ந்து பேச வைப்பதில் இந்த விதிக்குப் பங்கு உண்டு.

ஓம்பட்ஸ்மேனிடம் இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது: பல பேரை ஒரே வழக்கில் சேர்க்கலாம். கடனோடு ஒட்டி விற்ற ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியத்தைக் கடனில் சேர்த்தது வங்கி, பாலிசி கொடுத்தது காப்பீட்டு நிறுவனம். ஓம்பட்ஸ்மேன் வழியில் போனால் வங்கிக்கு ரிசர்வ் வங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்குக் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் என்று இரண்டு மனு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். நுகர்வோர் ஆணையத்தில் இருவரும் ஒரே மேசையில் பதில் சொல்ல வேண்டும். வீட்டை முடிக்காத கட்டுமான நிறுவனமும் பணத்தை முன்கூட்டியே விடுவித்த வங்கியும் சேர்ந்த விவகாரத்துக்கும் இதே வழிதான் பொருந்தும்.

டிஆர்டி: ஏலம் வரும்போது வேறு எதுவும் உதவாது

தவணை 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடன். பிறகு, நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ். இந்த 60 நாள்தான் மிக மதிப்புள்ள காலம், இதைத்தான் பலர் தூங்கிக் கழிக்கிறார்கள். 13(3ஏ) பிரிவில் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். தண்டக் கட்டணம் தவறு, கட்டிய தொகை வரவு வைக்கப்படவில்லை, நிலம் விவசாய நிலம் என்பதையெல்லாம் இங்கேயே பதிய வேண்டும். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் செல்லாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழ்தான் பாக்கி என்றாலும் செல்லாது. கடனின் கடைசிக் கட்டத்தில் தடுமாறுபவர்கள் இதை அவசியம் சரிபார்க்க வேண்டும்.

நோட்டீஸ் கட்டத்தில் டிஆர்டிக்குப் போக முடியாது. வங்கி சுவாதீனம் எடுக்கும் 13(4) நடவடிக்கைக்குப் பிறகு, 45 நாளுக்குள் 17-வது பிரிவில் மனு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் டிஆர்டி இருக்கிறது. கட்டணம்: 10 லட்சத்துக்குக் கீழான கடனுக்கு லட்சத்துக்கு 500 ரூபாய், அதற்கு மேல் 5,000-த்தோடு, 10 லட்சத்தைத் தாண்டும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250. 30 லட்சக் கடனுக்கு 10,000 ரூபாய். மனுப்போடப் பாக்கியில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றிருந்த பழைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் ரத்து செய்துவிட்டது. ஆனால் இடைக்காலத் தடை கேட்டால், நிலுவையில் ஒரு பங்கைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் கிடைக்கும். கையில் ஒன்றுமே இல்லாமல் போய் நிற்பதில் பயனில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் கடனில் 50 சதவீதம் வைப்பு. அதை 25 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே முடியாது.

வழக்கு பெரும்பாலும் சாய்வது நடைமுறைப் பிழையில்தான். சுவாதீன அறிவிப்பை இரண்டு நாளிதழில், ஒன்று வட்டார மொழியில், வெளியிட்டார்களா? முதல் ஏலத்துக்கு 30 நாள் அறிவிப்புக் கொடுத்தார்களா? ஆட்சேபத்துக்குப் பதில் வந்ததா? இவற்றைத் தேதியோடு பட்டியலிட்டுக் காட்டுவது, குடும்பக் கஷ்டத்தைப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட வேலை செய்யும். பாக்கி முழுதையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். 2023-ல் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்தக் கட்டத்தில் ஓம்பட்ஸ்மேனிடம் புகார் கொடுத்துவிட்டு ஏலம் நிற்கும் என்று காத்திருப்பது வீட்டை இழக்கும் வழி. புகார் பதிந்ததால் ஏலம் நிற்காது, 45 நாள் கெடுவும் நிற்காது. உரிமையியல் நீதிமன்றத் தடைக்கு சர்ஃபேசி சட்டத்தின் 34-வது பிரிவு குறுக்கே நிற்கும். நுகர்வோர் ஆணையத்திலும் அதே பிரிவைத்தான் வங்கி நீட்டும். உயர் நீதிமன்ற ரிட் மனு என்றால், டிஆர்டி இருக்கும்போது இங்கே ஏன் என்ற கேள்விதான் வரும். 2010-ல் சத்யவதி டாண்டன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பாதையைக் குறுக்கிவிட்டது.

ஆக, எதை எடுப்பது

பத்திரத் தாமதம், கேட்காமல் நீட்டிய காலம், முக்கிய விவரத் தாளில் இல்லாத கட்டணம், வசூல் முகவர் தொல்லை ஆகியவற்றில் கடன் வங்கியுடையது என்றால் ஓம்பட்ஸ்மேன்தான் முதல் இடம். நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விட்டால் பிறகு ஓம்பட்ஸ்மேனிடம் திரும்ப முடியாது. முதலில் ஓம்பட்ஸ்மேன் என்றால் "குறைபாடு இல்லை" என்று அவர் மூடினாலும் ஆணையம் பாக்கி இருக்கும். இழப்பு ஓம்பட்ஸ்மேனின் வரம்புக்கு மேல், அல்லது சாட்சிகளை விசாரிக்க வேண்டும், அல்லது பல தரப்புகள் என்றால் ஓம்பட்ஸ்மேனைத் தாண்டி ஆணையத்துக்கே போகலாம்.

வீட்டுவசதி நிறுவனக் கடன் என்றால் கிரிட்ஸில் பதிந்து, இரண்டு மாதத்தில் உருப்படியான பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போய்விடலாம்.

சுவாதீன நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டுவிட்டது என்றால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்து டிஆர்டி வழக்கறிஞரைப் பாருங்கள். ஒட்டிய தேதி தெரியும்படி ஒரு படமும் எடுத்து வையுங்கள். 45 நாளை அந்த நோட்டீஸின் தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

எங்கே போனாலும் உடன் வைக்க வேண்டிய காகிதங்கள் இவைதாம்: அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்தம், முக்கிய விவரத் தாள், முதல் நாளிலிருந்தான கடன் கணக்கு அறிக்கை, வட்டி மாற்றக் கடிதங்கள், கொடுத்த புகாரும் ஒப்புகையும். கணக்கு அறிக்கையைப் புகார் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுவது உசிதம்.